மொழிபெயர்ப்பு வேண்டாத இரங்கல் உரை

இரங்கல் கூட்டம் தொடங்கிய நாலாவது நிமிடத்திலேயே செவெரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வெளியே வரவில்லை. கோட்டின் இரண்டாவது பொத்தானுக்குப் பின்னால் கொதித்துக்கொண்டிருந்தது. எதிரே சவப்பெட்டி. பெட்டிக்குள் ராடிம், இருபத்தாறு வருடச் சிநேகிதர். பெட்டிக்குப் பக்கத்தில் மண்டபத்தின் சடங்குப் பேச்சாளர் கறுப்புக் கோட்டில் நின்று, செக் மொழியில், மனம் உருகப் பேசிக்கொண்டிருந்தார்.

தொல்லையே அதுதான். மலைக்கு இந்தப் பக்கம், மண்டபம் இருக்கும் யெசெனிக்கில் செக் மொழி, அந்தப் பக்கம் நிசாவில் போலந்து மொழி. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பத்து வார்த்தையில் ஆறு தானாகவே புரியும். ஆனால் செக் மொழி போலந்துக்காரர் காதில் விழுந்தால், மீசை வைத்த பெரிய மனிதர் ஒருவர் தொட்டில் குழந்தையைக் கொஞ்சுவதுபோல் இருக்கும். எங்கள் நிசாவில் யாரைக் கேட்டாலும் இதை ஒப்புக்கொள்வார்கள். இப்போதும் பேச்சாளர் என்னவோ 'மரணம் நம்மிடமிருந்து ராடிமைப் பறித்துவிட்டது' என்றுதான் சொன்னார். நிசாக்காரரான செவெரினுக்கு அது, 'சாவுக்குட்டி வந்துச்சாம், ராடிம் செல்லத்தைத் தூக்கிட்டுப் போச்சாம்' என்று கேட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி யாத்விகா முழங்கையால் ஓர் இடி இடித்தாள்.

"என்னங்க, தோள் குலுங்குது?"

"ஒண்ணுமில்ல."

"சிரிச்சீங்கன்னா இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன். மலையேறி நடந்தே வீட்டுக்கு வாங்க."

"நீ மட்டும் எப்படி சும்மா இருக்கே?"

"காதுல பஞ்சு வெச்சிருக்கேன். இவங்க பேச்சு எனக்குத் தெரியாதா? நீங்க பேசறதைக்கூட வாயசைப்பைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறேன்."

செவெரினுக்குத் தனக்கு இந்த யோசனை தோன்றவில்லையே என்று பொறாமையாக இருந்தது. அவருக்குத்தான் பஞ்சு அவசியம். பேச்சாளருக்கு அடுத்து அவர்தான் பேச வேண்டும்.

போன வாரம் ராடிமின் மனைவி மிலாடா தொலைபேசியில் அழைத்திருந்தாள். "இவர் எழுதி வெச்சுட்டுப் போயிருக்கார். நீங்கதான் பேசணுமாம்." செவெரின் கண் கலங்கிவிட்டார். நிசா ரயில் நிலையத்தில் இருபத்தொன்பது வருடம் அறிவிப்பாளராக இருந்தவர் அவர். வண்டி நாற்பது நிமிடம் தாமதம் என்பதை அவர் குரலில் கேட்டால், ஜனங்கள் திட்ட மறந்து நின்றுவிடுவார்கள். போலந்து மொழியின் ஸ, ஷ, ச, இன்னும் எழுத்தில் அடங்காத சீறல்கள் எல்லாம் அவர் வாயில் தனித்தனியாக, சலவை செய்து மடித்து வைத்ததுபோல் வரும்.

"எங்க ஆளுங்களுக்குப் புரியணுமே," என்று மிலாடா தயங்கினாள். "என் அக்கா பொண்ணு மொழிபெயர்த்துப் பக்கத்துல நின்னு படிக்கட்டுமா?"

"மிலாடா அம்மா! நானும் ராடிமும் இருபத்தாறு வருஷம் அந்த மலைக்காட்டுல காளான் பொறுக்கினோம். அவன் அவன் பாஷையில பேசினான், நான் என் பாஷையில பேசினேன். நடுவுல மொழிபெயர்க்கிற ஆள் யாராவது நின்னாங்களா?"

"நின்னதில்லதான்."

"அப்போ இப்பவும் நிக்க வேண்டாம்."

இவ்வளவு பேசிவிட்டு, சிநேகிதன் பெட்டி முன்னால் சிரித்து வைத்தால் அப்புறம் எந்த முகத்தோடு மேடை ஏறுவது? காட்டிலாவது ராடிம் பேசும்போது மரத்தின் பக்கம் திரும்பி இருமிச் சமாளித்துவிடலாம். இங்கே மரமும் இல்லை.

முதலில் தரையைப் பார்த்துக் கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டார். பலமாகக் கடித்ததில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மிலாடா திரும்பினாள்.

"ஐயோ பாவம்," என்று எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். "நீங்க இப்படிப் பின்னாடி உட்காரலாமா? முன்னாடி வாங்க." நான்காவது வரிசையிலிருந்து முதல் வரிசைக்குக் கூட்டிப்போய், பேச்சாளரின் வாய்க்கு நேர் கீழே உட்கார வைத்துவிட்டாள். 

இனிமேல் ஒரு சொல்லும் தப்பாது. செவெரின் கைக்குட்டையை எடுத்து முகம் முழுவதையும் மூடிக்கொண்டார். தோள்களை மூட அவரிடம் துணி இல்லை. அவை பாட்டுக்குக் குலுங்கின. பின்னாலிருந்து தீயணைப்பு வண்டி ஓட்டும் ராடிமின் மைத்துனர் பெரிய கையால் முதுகைத் தட்டிக் கொடுத்து, காதருகே செக் மொழியில் ஆறுதல் சொன்னார். மனிதர் நூற்றுப் பத்து கிலோ இருப்பார். அவர் சொன்னது, 'அழாதடா கண்ணு, அப்பா இருக்கேன்ல' என்பதுபோல் செவெரினுக்குக் கேட்டது. கைக்குட்டைக்குள்ளிருந்து கெட்டில் கொதிப்பதுபோல் ஒரு சத்தம் கிளம்பியது.

மண்டபமே உச்சுக் கொட்டியது.

பேச்சாளர் உருகிப்போனார். அவர் பேச்சுக்கு இப்படி யாரும் அழுததில்லை போலிருக்கிறது. மேடையை விட்டு இறங்கி வந்து, செவெரினின் முகத்துக்கு நேராகக் குனிந்து, போலந்து நண்பருக்குப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். நல்ல எண்ணம்தான். ஆனால் செவெரினுக்கு விலா நொந்துவிட்டது.

கடைசி ஆயுதமாக, தன் வாழ்க்கையிலேயே சோகமான நாளை நினைத்துக்கொண்டார். ரயில் நிலையத்தில் அவர் குரலை நிறுத்திவிட்டுப் பதிவு செய்த இயந்திரக் குரலைப் போட்ட நாள். அது வேலை செய்தது. சிரிப்பு நின்று நிஜமான விம்மல் ஒன்று வெளியே வந்தது. அதைக் கேட்டதும் அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த மிலாடா உடைந்துபோய் அழுதுவிட்டாள்.

பேச்சாளர் பதறி நிமிர்ந்தார். "நம் போலந்து நண்பர் பேசும் நிலையில் இல்லை. அவர் உரையை நானே செக் மொழியில் சொல்லிவிடுகிறேன்," என்று செவெரினின் சட்டைப் பையிலிருந்த காகிதத்தை நோக்கிக் கை நீட்டினார்.

பின்சுவரோரம் இசைத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்த யர்மிலா என்ற மண்டபப் பணியாளர் எழுந்து நின்று, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினாள். செவெரினுக்கும் அதற்குள் ரோஷம் வந்துவிட்டது.

"கையை எடுங்க," என்றார். "நான் பேசுவேன். என் பாஷையில பேசுவேன்."

மேடை ஏறினார். கோட்டைச் சரி செய்தார். தொண்டையைச் செருமினார். பழைய நாட்களில் வார்சா விரைவு வண்டியை அறிவிப்பதற்கு முன்னால் செருமும் அதே செருமல்.

"ராடிம்!" என்றார். மண்டபம் அமைதியானது. "ஒரு பெரிய காளான்மேல ஒரே நேரத்துல ரெண்டு கத்தி விழுந்துச்சு. ஒண்ணு உன்னுது, ஒண்ணு என்னுது. நீ என்னமோ சொன்னே, நான் என்னமோ சொன்னேன். ரெண்டா வெட்டிப் பங்கு போட்டுக்கிட்டோம். அன்னியிலேர்ந்து உனக்குத் தெரியாம நான் ஒரு மழைக்காலமும் மலையேறினதில்ல."

மூன்றாவது வரிசையில் ஒரு கைக்குட்டை வெளியே வந்தது.

அடுத்த வாக்கியத்துக்கு இன்னும் நான்கு. அதற்கடுத்ததற்குத் தீயணைப்பு மைத்துனர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். செவெரினின் நெஞ்சு விரிந்தது. புரிகிறது! ஒவ்வொரு சொல்லும் புரிகிறது! ஆறு வார்த்தையாவது, பத்தாவது! இதற்கா மொழிபெயர்ப்பு வைக்கப் பார்த்தார்கள்?

ஒரு சொல்லும் வீணாகக் கூடாது என்று வேகத்தைக் குறைத்தார். அழுகை கூடியது. கடைசி வரிசைக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். பெட்டி தூக்க வந்திருந்த நால்வரில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு கதவைத் திறந்து வெளியே ஓடினார். மிலாடா குனிந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பேச்சாளரோ சுவர்ப்பக்கம் திரும்பி, நெற்றியைச் சுவரில் முட்டி நின்றார். தொழிலில் ஊறின மனிதரே தாங்கவில்லை.

தன் மொழியை நினைத்து செவெரினுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் தாய் தகப்பனை நினைத்து, நிசாவை நினைத்து, ரயில்வேயை நினைத்துக்கூடப் பெருமையாக இருந்தது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு மனதிலிருந்து பேசினார். ராடிமும் அவரும் பொறுக்கிய காளான்களின் பெயர்களை, போலந்து மொழியில், ஒவ்வொன்றாக, வண்டி நின்று செல்லும் நிலையங்களைச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எங்கள் மொழியில் காளான் பெயர்களில்தான் சீறல் அதிகம். ஒன்பதாவது காளானில் மண்டபம் முழுவதும் முன்னால் சாய்ந்துவிட்டது.

"போயிட்டு வா ராடிம்," என்று முடித்தார். "உன்னை மாதிரி என்னைப் புரிஞ்சுக்கிட்டவன் வேற எவனுமில்ல." இந்த இடத்தில் அவர் குரல் நிஜமாகவே உடைந்தது.

கூட்டம் முடிந்ததும் வரிசையாக வந்து கை குலுக்கினார்கள். எல்லோர் கண்ணும் சிவந்திருந்தது. ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. மிலாடா அவரைக் கட்டிக்கொண்டு, "அவர் ஆசைப்பட்டபடியே நடந்துது," என்று மட்டும் சொன்னாள்.

யாத்விகா காதிலிருந்து பஞ்சை எடுத்தாள்.

"எப்படிப் பேசினேன்?" என்றார் செவெரின்.

"யாருக்குத் தெரியும்? ஆனா பெஞ்சே ஆடுச்சுங்க. அதை என்னால உணர முடிஞ்சுது."

வாசலில் யர்மிலா இசைத்தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் செவெரினால் கடந்து போக முடியவில்லை.

"நீங்களுமா அம்மா? இந்த மண்டபத்துல இப்படி ஓர் அழுகையைப் பார்த்திருக்கீங்களா?"

"அழுகையா?" யர்மிலா விழித்தாள். அப்புறம் உதட்டைக் கடித்தாள். "ஐயா தப்பா நினைச்சுக்கக் கூடாது. நிகழ்ச்சி நிரலை ராடிம் ஐயாவே கைப்பட எழுதிக் குடுத்திருந்தார். நான் அதுல இருந்தபடிதான் செஞ்சேன்."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடைசிப் பத்தியை மட்டும் வாசித்தாள்:

"'மிலாடா அழ ஆரம்பிச்ச உடனே செவெரினைப் பேச விடுங்க. அவன் போலந்துப் பேச்சைக் கேட்டுக்கிட்டே நம்ம ஆளுங்க எவனாலயும் அழ முடியாது. இருபத்தாறு வருஷம் காட்டுல பக்கத்துலயே நின்னு சிரிப்பை அடக்கினவன் சொல்றேன்.'"