மீசை தொடர்பாகப் பெறப்பட்ட புகார்கள்

அன்பும் மதிப்பும் நிறைந்த மச்சானுக்கு,

நலம். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் என் போனை உங்கள் தங்கை பறிமுதல் செய்துவிட்டாள். அவள் என்னோடு பேசி இன்றோடு ஐந்து நாள்.

நடந்தது இதுதான். அவள் பள்ளிக் காலத்திலிருந்து கொண்டாடும் அந்த நடிகர், போன வாரம் மீசையை எடுத்துவிட்டு இணையத்தில் ஒரு படம் போட்டார். ஊரே கொந்தளித்தது. படத்தின் கீழே 'உங்கள் கருத்தை எழுதவும்' என்று ஒரு கட்டம் இருந்தது. குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன் நான். எழுத்து மூலம் கருத்துக் கேட்டால் எழுத்து மூலம் கொடுத்துப் பழக்கம். 'மீசை இருந்தபோதும் முகம் சுமார்தான். எனவே பெரிய மாற்றம் ஏதுமில்லை' என்று எழுதி, பெயரையும் பழைய பதவியையும் போட்டு அனுப்பினேன். முகம் கழுவிவிட்டு வருவதற்குள் நானூறு பேர் திட்டியிருந்தார்கள். என் முகம், என் வம்சம், எங்கள் அலுவலகம் விட்ட தண்ணீர், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வந்த புகாருக்கு அன்றே ஒப்புகை அனுப்பாமல் நான் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. ஒவ்வொருவருக்கும் 'தங்கள் புகார் பெறப்பட்டது. பரிசீலனையில் உள்ளது' என்று எழுதி, ஆளுக்கொரு எண்ணும் கொடுத்தேன். இரவுக்குள் இரண்டாயிரத்து முந்நூறு எண், விரல் வீங்கிவிட்டது. அதுக்கப்புறம் பாருங்க மச்சான், திட்டுறதை விட்டுட்டு எல்லாரும் நம்பரைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஒருத்தன், 'சார், என் நம்பர் அறுநூத்திப் பதினாலு, என்ன நிலவரம்?'னு கேக்குறான். இன்னொருத்தி, தனக்கு அப்புறம் திட்டினவனுக்கு முன்னாடியே நம்பர் போயிருக்குன்னு மேல்முறையீடு பண்றா. செருப்பால் அடிப்பேன் என்று எழுதியவர், தம் முகவரி மாறிவிட்டதாக முறைப்படி தெரிவித்திருக்கிறார். இப்போது எனக்குப் 'புகார் மாமா' என்று பெயர். ஒரு தொலைக்காட்சியில் என்னைப் பற்றி நாலு பேர் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் நான் யாரென்று தெரியாது.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த நடிகரின் ரசிகர் குழுவுக்கு உங்கள் தங்கைதான் தலைவி. 'தலைவி வீட்டிலேயே துரோகியா?' என்று கேட்டு, அவளை நீக்க இன்று ஓட்டெடுப்பு வைத்திருக்கிறார்கள். நேற்றுக்கூட நான் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே மகளிடம், "உங்கப்பாவுக்குச் சாப்பாடு எடுத்து வச்சாச்சுன்னு சொல்லு" என்றாள்.

"அப்பா இங்கதானேம்மா உக்காந்திருக்கார்?"

"தெரியும். அதான் சொல்லச் சொன்னேன்."

வீட்டுக்காரர் சொன்ன கருத்துக்குத் தலைவி எப்படிப் பொறுப்பாக முடியும்? நீங்கள் மூத்தவர், நடுநிலையானவர். உங்கள் பேச்சை அவள் தட்டமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து, என்னோடு ஒரு வார்த்தை பேசச் சொன்னால் போதும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

தங்களையே மலைபோல் நம்பியிருக்கும்,
தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் செய்தி வந்தது. ஓட்டெடுப்பில் அவள் ஜெயித்துவிட்டாள். அவளை நீக்கச் சொல்லி முதலிலிருந்தே கிளப்பிவிட்டது, 'உண்மைத் தொண்டன்' என்று மட்டும் பெயர் வைத்துக்கொண்டிருந்த ஓர் உறுப்பினராம். அவளுக்குப் பதிலாகத் தலைவராக நிற்கவும் அவர் தயாராக இருந்தாராம். தோற்ற கோபத்தில், எழுதுவதை விட்டு, தம் குரலிலேயே பேசிக் குழுவுக்கு அனுப்பிவிட்டார். வாக்கியத்துக்கு ஒருமுறை தொண்டையைச் செருமும் அந்தக் குரலை உங்கள் தங்கை மூன்று தடவை போட்டுக் கேட்டாள். உங்களுக்குப் பதவி ஆசை உண்டென்று எனக்கு இத்தனை வருடம் தெரியாமல் போயிற்று, மச்சான். பிறகு அவள் நேரே என்னிடம் வந்து, "எங்க அண்ணன் இந்தப் பக்கம் வந்தா, நான் வீட்ல இல்லைன்னு சொல்லிடுங்க" என்றாள். ஐந்து நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். தங்களுக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.