பருப்பளவுச் சில்லும் அஜ்வார்க் கொப்பரையும்

சாலிடர்ப் புகையே! மூக்கைத் துளைத்து, கண்ணைக் கரித்து, ஆடவரைச் சாப்பாட்டு மேசையிலிருந்து கவர்ந்து செல்லும் வெண்மாயையே! உன்னை வணங்கித் தொடங்குகிறேன். லெஸ்கோவாட்ஸ் நகரில் தோன்றிய தீரன், பல வானொலிகளைப் பிரித்து ஒன்றையும் திரும்பப் பூட்டாத பெருந்தகை, கருகுமீசைப் பிளாகோயேயின் வெஞ்சமரைப் பாட எனக்கு நாவன்மை தா. கேட்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்.

செப்டம்பர் பிறந்தது. செங்குடைமிளகாய் மூட்டை மூட்டையாய் வந்திறங்கி, முற்றமெங்கும் பகைப்படையெனப் பரந்து நின்றது. சுட்டு, தோலுரித்து, அரைத்த விழுதைக் கொப்பரையில் ஏற்றினால், அது அஜ்வார் என்னும் தொக்காகத் திரளும்வரை பொழுதெல்லாம் கிளற வேண்டும். கல்யாணமான நாள் முதல் கிளறி வந்தவள் மனைவி தெசங்கா. இந்த ஆண்டு அவள் வலத்தோள் கிளறிக் கிளறி ஓய்ந்துவிட்டது; தலை வாருவதுகூட இடக்கையால்தான்.

கண்டான் பிளாகோயே, நெஞ்சு கொதித்தான், முற்றத்து நடுவே நின்று முழங்கினான்: “கேளீர், மிளகாய்காள்! என் மனையாட்டி இனிக் கரண்டி தொடாள்! யான் படைக்கும் இயந்திரமே உம்மைக் கிளறும்!”

“முதல்ல அந்தக் குழாயைச் சரி பண்ணுய்யா, ஒழுகுது” என்றாள் தெசங்கா.

வேலிக்கு அப்பால் வித்தோமிரின் முற்றத்தில் அத்தகைய இயந்திரம் முன்பே சுழன்றுகொண்டிருந்தது. கரண்டியைச் சுழற்றும் மோட்டாருக்கு ஆணையிடும் சிறு மின்சுற்றுப் பலகை. பலகைமேல் தகர மூடி. மூடிமேல் ஒரு பெயர். வேலியில் மோவாயை ஊன்றி நம் தலைவன் அப்பெயரின் தலைப்பகுதியை மட்டும் மனத்தில் எழுதிக்கொண்டான். வால்பகுதி வெறும் அலங்காரம் என்று தள்ளினான். மூளை ஒன்றே போதும், மூடியும் பலகையும் பேதையர்க்கு என்று முழங்கி, ‘சிப்’ எனப்படும் வெறுஞ்சில்லை மட்டும் வரவழைத்தான். அட, என்ன சாமர்த்தியம்!

பொதி வந்தது. விழுது அடுப்பேறிய காலையில் பிரித்தான். உள்ளே துவரம்பருப்பளவில் ஒரு கருஞ்சதுரம். காலில்லை, கம்பியில்லை, அடிவயிற்றில் மட்டும் விண்மீன்போல் மின்னும் பொட்டுகள். அஞ்சினானோ? இல்லை! பூதக்கண்ணாடி தரித்து, இடுக்கி ஏந்தி, மூச்சடக்கி, முடியினும் மெல்லிய கம்பியை ஒவ்வொரு பொட்டிலும் வைத்துச் சாலிடர்ச் சூட்டுக்கோலால் தொட, தொட்டது ஒட்டாது, ஒட்டியது பக்கத்துப் பொட்டையும் பற்ற, பற்றியதைப் பிரிக்கையில் முந்தையது பெயர, மீசை கருக, விரல் வேக, ஒரே ஒரு தும்மலில் சில்லே பறந்து ரொட்டிக்கூடைக்குள் ஒளிய, அதைத் தேடியெடுத்து மீண்டும் பொருதான். சில்லோ உயிர் பெறவில்லை.

சத்தம் கேட்டு வித்தோமிர் வேலியேறி வந்தான்.

“அண்ணே, இது வெறும் சில்லு. நான் வச்சிருக்கிறது மாட்யூல். அந்த மூடிக்குள்ள இதே சில்லு இருக்கு, கூடவே நினைவகம் இருக்கு, துடிப்புக் கொடுக்கிற படிகம் இருக்கு. மூடிக்கு வெளியே ஏரியல். இதெல்லாம் இல்லாம நீ சொல்லிக்கொடுக்கிறதை இது எங்க ஞாபகம் வச்சுக்கும்?”

“அப்ப அந்தப் பலகை?”

“மாட்யூலுக்கு மின்சாரம் தர, கம்ப்யூட்டரோட பேச. சில்லு, மாட்யூல், பலகை, மூணும் வேற வேறண்ணே. பேருல வாலை விட்டுட்டியே!”

“உன்னோடதைக் கொடேன்.”

“என் கொப்பரை இப்பதான் கொதிக்குது. சாயங்காலம் எடுத்துக்கோ.”

சாயங்காலம்! அதற்குள் விழுது கரியாகிவிடுமே! கொப்பரை குபுகுபுவெனக் குமுறியது. அடியிலிருந்து தீய்ந்த மணம் எழுந்தது. தெசங்கா இடக்கையை நீட்டிக் கரண்டியை எடுத்தாள். அதைப் பார்த்ததும் பிளாகோயேக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

எழுந்தான் ஏறு! சூட்டுக்கோலைத் துறந்தான், பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான், மனையாள் கையிலிருந்து கரண்டியைப் பறித்தான், மரபுவழி வந்த அந்த மரப்படையை இருகைகளாலும் ஓங்கிக் கொப்பரைக் கடலுள் இறக்கி, செவ்விழுது சுழித்தெழ, வியர்வை ஆறென வழிய, தாதையரும் பாட்டன்மாரும் கனவிலும் செய்யாத அருஞ்செயலை, தெருவே வேலியோரம் திரண்டு சிரிக்க, வாக்கினின்று வழுவாது ஆற்றத் தொடங்கினான்.

தெசங்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “ஓரத்துல அடிபிடிக்குது, நல்லாக் கிளறுய்யா” என்றாள்.