மருமகள் சொல்லாத பேர்

"பேரு?"

"பெக்தூர்."

"வயசு?"

"பத்து."

"குடும்பப் பேரு?"

அனார்குல் வாயைத் திறந்தாள். திறந்த வேகத்தில் மூடிக்கொண்டாள்.

பதிவு மேசையிலிருந்த இளைஞன் தலையை நிமிர்த்தவே இல்லை. தலைநகரத்திலிருந்து மல்யுத்தப் போட்டி நடத்த வந்தவன். நாரின் ஊர்க் குளிரும் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நாரின் தாய்மார்களும் ஒத்துக்கொள்ளவில்லை. "குடும்பப் பேரு சொல்லுங்க அக்கா. பின்னாடி எவ்வளவு பேர் நிக்கிறாங்க பாருங்க."

பின்னால் நிற்பவர்கள்தான் பிரச்சினையே. பாதி ஊர் அங்கே வரிசையில் நின்றது. மீதி ஊர் பார்வையாளர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தது. அதிலும் பத்தடி தள்ளி, முதல் வரிசையில், உயரமான வெள்ளைத் தொப்பியும் விறைத்த முதுகுமாக அவளுடைய மாமனார்.

குடும்பப் பேர் என்பது அவருடைய பேர்தான். தாத்தா பொலோத் என்றால் பேரன் பொலோதோவ். ஆனால் மருமகளாகப்பட்டவள் மாமனார் பேரை வாயால் சொல்வதாவது! அனார்குல் கல்யாணமாகி வந்து பதினாலு வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பேரை மட்டுமல்ல, பேரின் பொருளையும் சொன்னதில்லை. பொலோத் என்றால் அவர்கள் பாஷையில் எஃகு. அதனால் அவள் வீட்டில் எஃகு என்ற பொருளே கிடையாது. எஃகுக் கத்தி, எஃகுக் கரண்டி, எஃகு வாளி எல்லாம் அவளுக்கு 'தெமிர்'தான். அதாவது இரும்பு.

"தெமிரைக் கழுவினியாடி? தெமிரை எங்கடா போட்டே?" என்று அவள் போடும் சத்தம் நாலு வீடு தாண்டிக் கேட்கும்.

சனி ஞாயிறு வந்தால் அவளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. சனிக்கிழமை பையனுக்கு மல்யுத்தம். ஞாயிற்றுக்கிழமை மகள் பெர்மெத்துக்கு கோமுஸ் வாத்திய வகுப்பு. மாதத்தில் ஒருநாள் பொம்மலாட்டமோ அருங்காட்சியகமோ. ஆனால் எந்தப் படிவமானாலும் நிரப்புவது புருஷன் வேலை. அவனோ இன்று எல்லைக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். பையனின் பிறப்புச் சான்றிதழ் அவன் லாரியிலேயே போய்விட்டது. பெர்மெத் எதிர்க் கட்டடத்தில் ஒத்திகையில் இருந்தாள். பெக்தூர் எடை பார்க்கும் அறையில் அரைக்கால் சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தான்.

"அக்கா!"

"இரு தம்பி, சொல்றேன். இரும்பு மாதிரி இருக்கும். ஆனா இரும்பு இல்ல."

"என்னது?"

"இரும்பைவிட ஒசத்தி. பளபளன்னு இருக்கும்."

"வெள்ளியா?"

"வெள்ளி எதுக்குப்பா இங்க வருது? வளைக்கவே முடியாது, ஒடிக்கவும் முடியாது. தெமிருக்கு அண்ணன்னு வச்சுக்கோயேன்."

"தெமிரோவ்," என்று எழுதினான் அவன். "அடுத்து!"

முதல் வரிசையில் மாமனார் இந்த உரையாடலை அரைகுறையாகக் கேட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த கிழவர்களைப் பெருமையாகப் பார்த்தார். "கேட்டீங்களா? பதினாலு வருஷம்! ஒரு நாள், ஒரு பொழுது வாய் தவறியிருப்பாளா? இப்படி ஒரு மருமக இந்த ஆத்துக்கு ரெண்டு கரையிலயும் கிடையாது."

கிழவர்கள் தலையாட்டினார்கள். அவருடைய அக்கா கலீச்சா, தம்பி பேரன் மோதுவதைப் பார்க்கவென்றே அத்-பாஷியிலிருந்து பஸ் பிடித்து வந்தவள், "ஹும்!" என்று சிரித்தாள். மாமனார் சட்டென்று ஓர் உலர்ந்த தயிர் உருண்டையை எடுத்து அவள் கையில் வைத்தார். "சாப்பிடு அக்கா. பேசாம சாப்பிடு." அது கல்லுபோல இருக்கும். பல்லில்லாத வாய்க்கு அரைமணி நேர வேலை.

அனார்குல்லுக்கு மனசு கேட்கவில்லை. பையன் இன்று பதக்கம் வாங்கினால் யாரோ தெமிரோவ் பேரில் அல்லவா பட்டயம் வரும்? ஆறு மாதமாகக் காலை ஐந்தரைக்கு எழுந்து பனியில் ஓடியவன் அவள் பிள்ளை. தெமிரோவா ஓடினான்?

வாயால் சொல்லத்தானே கூடாது, கையால் எழுதினால் என்ன என்று அவளுக்கு ஒரு யோசனை வந்தது. மேசைக்குத் திரும்பி வந்து, துண்டுத் தாளில், பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, நடுங்கும் கையால் பேரை எழுதி நீட்டினாள்.

"இதான் சரியான பேரு. பழசை அடிச்சிடு தம்பி."

இளைஞன் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். எழுதிக்கொண்டான். தலையையும் ஆட்டினான். அனார்குல் நிம்மதியாகப் போய் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. "முதல் விரிப்பு! பெக்தூர் தெமிரோவ்!"

அடிக்கவில்லை பாவி! அவள் எழுந்து ஓடுவதற்குள் பெக்தூர் விரிப்பில் ஏறிவிட்டான். பேர் எதுவாயிருந்தால் என்ன, பெக்தூர் என்றால் அவன்தான். எதிரே நின்ற பையனை அரை நிமிஷத்தில் முதுகு தரையில் பட வைத்தான். அனார்குல் பேரை மறந்து கத்தினாள்.

கத்தி முடிப்பதற்குள் மறுபடி கரகரப்பு. "இரண்டாவது விரிப்பு! பெக்தூர் மொலோதோவ்!"

பையன் அம்மாவைப் பார்த்தான். அம்மா கூரையைப் பார்த்தாள். அவளுடைய நடுங்கின எழுத்துதான் மொலோதோவாகி வந்திருக்கிறது.

"அம்மா, அது நான் இல்லையே."

"இன்னிக்கு நீதான். போ!"

"தெமிரோவ்?"

"அதுவும் நீதான்டா. சீக்கிரம் ஏறு, விசில் ஊதப் போறான்!"

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு பேரை விட்டுக்கொடுத்தால், அப்போது எதுதான் நிஜம் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். சொல்வதற்கு வாய் வராது. இரண்டு விரிப்பு, இரண்டு நடுவர். ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்க இருவருக்கும் நேரமில்லை. பெக்தூர் சிவப்புக் கச்சை கட்டிக்கொண்டு தெமிரோவாக ஜெயித்தான். நீலக் கச்சை கட்டிக்கொண்டு மொலோதோவாக ஜெயித்தான்.

நாலாவது மோதல் முடிந்து வந்தபோது ஒரு காது சிவந்து வீங்கியிருந்தது. அவள் மடியில் சரிந்து பொரித்த மாவுத் துண்டுகளை வாயில் அடைத்துக்கொண்டான்.

"அம்மா, எல்லாரும் ரெண்டு தடவைதான் மோதினாங்க. எனக்கு மட்டும் ஏன் நாலு?"

"நீ கெட்டிக்காரன். அதான்."

பொய்தான், ஆனால் முழுப் பொய்யும் இல்லை. நாலு பேரை நாலு விதமாகச் சாய்த்திருக்கிறானே! இவன் என் வயிற்றில் பிறந்தவன் என்று எழுந்து நின்று கூவ வேண்டும்போல இருந்தது. என்ன பேரைச் சொல்லிக் கூவுவது?

ஒலிபெருக்கி கம்பீரமாகக் கனைத்தது. "இறுதிப் போட்டி! சிவப்பில், பெக்தூர் தெமிரோவ்! நீலத்தில், பெக்தூர் மொலோதோவ்!"

பெக்தூர் இரண்டு கச்சைகளையும் கையில் வைத்துக்கொண்டு விரிப்பின் நடுவில் போய் நின்றான். எதிரே யாரும் வரவில்லை. அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான், அங்கேயும் யாரும் இல்லை.

தலைமை நடுவர் தடித்த கழுத்துக்காரர். "இன்னொருத்தன் எங்கே?"

"நான்தான் ஐயா ரெண்டும்."

"விளையாடுறியா? உன் நிஜப் பேரு என்ன?"

"பொலோதோவ்."

"மூணாவது பேரா!" நடுவரின் கழுத்து சிவந்தது. "இவனைக் கூட்டிட்டு வந்தது யாரு?"

அனார்குல் எழுந்தாள். விரிப்புக்கு நடந்து வந்தாள்.

"அம்மா, இந்தப் பையன் யாரு? ஒரே பையன் ரெண்டு பேர்ல மோதிட்டு மூணாவதா ஒரு பேரு சொல்றான். பெத்தவ வாயால இந்த மைக்குல சொல்லுங்க. இல்லேன்னா மூணு பேரையும் சேர்த்து நீக்கிடுவேன். ஒரு வருஷத்துக்கு இந்த வாசப்படி மிதிக்க முடியாது."

"ஐயா, பையனே சொல்லிட்டானே..."

"பையன் காலையிலேர்ந்து நிறையப் பேரு சொல்லியாச்சு. நீங்க சொல்லுங்க."

முதல் வரிசையில் மாமனார் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். பதினாலு வருஷத்துப் பெருமை அந்தத் தொப்பியோடு அவர் மடியில் இருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. இந்தப் பக்கம் பையன். வீங்கிய காது. அழக் கூடாது என்று இறுக்கிப் பிடித்த உதடு.

அவள் மைக்கைப் பிடுங்கினாள்.

"அத்தா, மன்னிச்சிடுங்க!" என்றாள். பிறகு மூச்சை இழுத்து, நாலு வீடு தாண்டிக் கேட்கும் அதே குரலில், "பொலோதோவ்! இவன் என் பையன் பெக்தூர் பொலோதோவ்! நாலு பேரையும் சாய்ச்சது இவன்தான்!"

கூரைத் தகரம் அதிர்ந்தது. பெஞ்சுகளில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நடுவர்கள் கூடிக் குசுகுசுத்தார்கள். கடைசியில் தடித்த கழுத்துக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே வந்தார். "ரெண்டு பக்கமும் ஜெயிச்சவன் இவனே. இவனை இவனோடயே மோதச் சொல்ல முடியுமா? மத்தவனெல்லாம் ரெண்டு மோதலுக்கே மூச்சு வாங்குறான். தங்கத்தைக் கொடுங்கய்யா. பேரை மட்டும் இந்தத் தடவையாவது ஒழுங்கா எழுதுங்க!"

பதக்கம் பெக்தூர் கழுத்தில் தொங்கியது. அரங்கம் கைதட்டியது. அனார்குல் கைதட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, முதல் வரிசைக்கு எதிரே போய் நின்றாள். கண்ணீர் மூக்கு நுனியில் சொட்டியது.

"அத்தா, உங்க மானத்தைக் கப்பலேத்திட்டேன். பதினாலு வருஷம் கட்டிக் காப்பாத்தினதை நாலு பேர் முன்னாடி போட்டு உடைச்சிட்டேன்."

"விடும்மா, விடு. பிள்ளைக்காகத்தானே." மாமனாருக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனால் ஏனோ அவர் அவளைப் பார்க்காமல், அவசர அவசரமாகச் சட்டைப் பையில் இன்னொரு தயிர் உருண்டையைத் தேடினார்.

தீர்ந்துபோயிருந்தது. கலீச்சா கிழவி வாயிலிருந்த கடைசித் துணுக்கை விழுங்கிவிட்டு, அனார்குல்லின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"எதுக்குடி அழறே? பொலோத்ங்கிறது பாஸ்போர்ட் எழுதினவன் செஞ்ச தப்பு. எங்கப்பா இவனுக்கு வச்ச பேரு தெமிர். கல்யாணத்தன்னிக்கே நீ 'தெமிரைக் கொண்டா, தெமிரைத் தூக்கு'ன்னு ஊரே கேக்கக் கூப்பிட்டியே, பாவம் சின்னப் பொண்ணு, தெரிஞ்சா கூனிக்குறுகிப் போயிடும், யாரும் மூச்சு விடக் கூடாதுன்னு எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினவனே இவன்தான்!"