மாமியாருக்காகப் பொதிந்த பன்றி வயிறு

"அம்மா இந்த வாரம் முடிவு சொல்லிடுவாங்க. எங்களோடயே தங்க வந்தாங்கன்னா அந்தச் சின்ன அறைதான் அவங்களுக்கு."

முற்றத்து ஜன்னலில் துணி உலர்த்திக்கொண்டே என் மனைவி ஓர்னெல்லா எதிர்வீட்டு நீவெஸிடம் சொன்னது இது. ஆறு மாடிக்கும் கேட்டது. குளியலறையில் முகமெல்லாம் சவர நுரையோடு நின்ற எனக்குக் கேட்காதா?

அந்தச் சின்ன அறை யாருடையது? என்னுடையது! குளியலறையை விட்டால் தாழ்ப்பாள் உள்ள ஒரே அறை. ஞாயிறுதோறும் எங்கள் ஊர் ரோமா கால்பந்து அணி தோற்பதை நான் நிம்மதியாக வானொலியில் கேட்பது அங்கேதான். அதையா பிடுங்குகிறார்கள்?

அங்கேயே சபதம் எடுத்தேன். சனிக்கிழமை மதியம் என் மாமியார் ஆர்ஜியா சாப்பிட வருவார். ரோமின் பழைய கசாப்புப் பேட்டையான தெஸ்தாச்சோவில் கசாப்புக்காரர் மகளாகப் பிறந்தவர். குடலோ வயிறோ, தக்காளியும் புதினாவும் ஆட்டுப்பால் சீஸும் சேராவிட்டால் தட்டைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். போகட்டும்! ஒரேயடியாகப் போகட்டும்!

"ஓர்னெல்லா, சனிக்கிழமை நான்தான் சமைக்கிறேன். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின நம்ம ஊர்ச் சாப்பாடு. பன்றி வயித்துக்குள்ள கொத்துக்கறி, மூளை, முட்டை எல்லாம் அடைச்சு வேக வைக்கணும். தக்காளி கிடையாது."

"தக்காளி இல்லாமலா? எங்கம்மாவுக்கா?"

"சீசர் தக்காளியைக் கண்டாரா? அது அமெரிக்காக்காரன் சாமான்!"

கத்துவாள் என்று பார்த்தேன். "செய்ங்களேன்" என்றாள். அதோடு விட்டாளா? நெத்திலி ஊறிய உப்புநீர் ஒரு புட்டி அவளே வாங்கி வந்தாள். பழைய செய்முறைக்குப் பெருங்காயம் வேண்டுமென்றேன். இந்தியர் கடையைத் தேடிப்போய் அதையும் வாங்கி வந்தாள். டப்பாவைத் திறந்தேன். சீசரின் வீட்டில் இதுதான் மணந்தது என்றால், அவரைக் குத்தியவர்கள்மேல் எனக்கு இனி வருத்தமில்லை.

சனிக்கிழமை காலை பன்றி வயிற்றை நிரப்பித் தைத்துக் கொதிநீரில் போட்டேன். உப்பியது. வெடிக்காமலிருக்க ஊசியால் குத்த வேண்டுமாம். குத்துவேனா? வெடித்தது. குடலைப் பிடுங்கும் நாற்றம்.

நீவெஸ் ஜன்னலைத் திறந்தாள். "ஓர்னெல்லா! உங்க வீட்டுல யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லக்கா, அவர் சமைக்கிறாரு."

"அப்ப இனிமேதான் சாவாங்க."

மாமியார் வந்தார். ஒரு வாய் வைத்தார். முள்கரண்டியைக் கீழே போட்டார். என் உள்ளம் குதித்தது.

"என்ன மாப்ளே இது?"

"பழைய ரோமாபுரிச் சமையல், அத்தை. எப்படி இருக்கு?"

"என் வயசுக்கு இப்படியொரு கண்றாவியத் தின்னதில்ல."

"இனிமே எங்க வீட்டுல இதுதான் அத்தை, வாராவாரம்" என்றேன், மிகுந்த பணிவுடன்.

ஓர்னெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பார்த்தியாம்மா? இப்படித்தான் நான் இளைச்சுப் போயிட்டேன்."

இளைத்தாளா! போன மாதம்தான் அவள் பாவாடைகளையெல்லாம் பிரித்து அகலமாக்கித் தைத்தோம்! சொல்ல வாயெடுத்தேன். வாராவாரம் என்று சற்றுமுன் சொன்னதும் அதே வாய்தானே? மூடிக்கொண்டேன்.

"நானும் ஒரு மாசமா தயங்கிட்டேதான் இருந்தேன் மாப்ளே" என்றார் மாமியார். "அங்க வந்து எனக்கு என்ன வேலை, சும்மா பாரமாத்தானே இருப்பேன்னு. இவதான், சனிக்கிழமை வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் பாரும்மா, வேலை இருக்கா இல்லையான்னு உனக்கே தெரியும்னா."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் உப்புக் குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் எழுந்தார். என் பானையைக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தார். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, முதுகுப்பக்க முடிச்சை அவிழ்த்து, என் ஏப்ரனைத் தான் கட்டிக்கொண்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிவிட்டு, கைப்பையிலிருந்து தன் வீட்டுச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டார்.