வெள்ளிக்கிழமை மௌனம்

காலை ஆறரை மணிக்குள் அருந்ததி டீச்சரை வீட்டில் ஒன்பது தடவை கூப்பிட்டுவிட்டார்கள். கணவர் சிவராசாவுக்கு பெல்ட்டைக் காணவில்லை. மகளுக்குப் பின்னல் போட வேண்டும். மகன் கணக்குக் கொப்பியைத் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டான். மாமனாருக்கு இன்னொரு பிளேன்டீ.

பத்தாவது "அருந்ததீ!" கேட்டதும் அவள் அடுப்படி மூலையில் உட்கார்ந்து அழுதாள். ஏன் அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, நனைந்த கொப்பியிலேயே ஈரம் படாத ஒரு தாளைக் கிழித்து எழுதினாள்: 'இன்று அம்மனுக்கு மௌன விரதம். பேசமாட்டேன்.'

சிவராசா வாசித்துவிட்டு, "அப்ப பெல்ட்டு?" என்றார்.

அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். ஐந்தே நிமிடத்தில் அவரே தேடி எடுத்தார். பதினான்கு வருடத் தாம்பத்தியத்தில் அது முதல் தடவை.

பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் மட்டும் எழுதினாள். அம்மன் விரதம் என்றதும் ஐம்பத்திரண்டு பிள்ளைகளும் வாயைத் திறக்கவில்லை. அன்று மாலை அருந்ததி மாத்தளைக்கு வந்த நாளிலிருந்து காணாத நிம்மதியைக் கண்டாள். மறுவாரமும் விரதம் இருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமைதான் பக்கத்து வீட்டு மரியாயி வந்தாள்.

"டீச்சர், மகள குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்பட்டுமா? ஏஜென்ட் வந்து நிக்கிறாரு. மாதாகிட்டயும் கேட்டுட்டேன், ஒரு பதிலும் இல்ல."

காதோரம் ஒரு நுளம்பு ரீங்காரமிட்டு வந்தது. அருந்ததி தலையை ஆட்டி விரட்டினாள்.

"வேணாமா? சரி டீச்சர்!" மரியாயி போய் ஏஜென்டைத் திருப்பி அனுப்பிவிட்டாள். மூன்றாம் நாள் அந்த ஆள் எட்டுப் பெண்களின் பாஸ்போர்ட்டோடு நாவுல டவுனிலிருந்து ஓடிவிட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் பதினொரு பேர்.

"டீச்சரம்மா, நாட்டு நெலம இப்பிடி இருக்கே, நாங்க இந்தியாவுக்குப் போயிரட்டுமா?"

"கொழும்புக்கு வேலைக்குப் போன மகன் ரெண்டு மாசமா கடுதாசி போடல. வந்துருவானா?"

அருந்ததியின் தலை கொஞ்சம் அசைந்தால் ஒரு குடும்பம் கப்பலேறிவிடும். நுளம்பு கடித்தாலும் கடிக்கட்டும் என்று கழுத்தை விறைத்துக்கொண்டு கல்லாட்டம் உட்கார்ந்தாள்.

"பாருங்க, கண்ணிமைகூட ஆடல!" என்று மரியாயி எல்லோருக்கும் காட்டினாள். "தவத்துல இருக்காங்க."

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நாற்பது பேர் வந்தார்கள். சண்டை வரக்கூடாதென்று சிவராசா பழைய கலண்டரை வெட்டி நம்பர் துண்டு கொடுத்தார். மாமனார், "தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க, ஒரு வாய் டீ குடுக்காம எப்பிடி?" என்றார். நாற்பது கோப்பைக்கும் டீ ஊற்றியது அருந்ததிதான். குடித்த கோப்பைகளைக் கழுவியதும் அவள்தான். இரண்டாம் தடவைக்கு சீனி போதவில்லை என்று யாரோ சொன்னபோது கேத்தலைக் கீழே வைத்துவிட்டு முன்வாசலுக்கு வந்தாள்.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க! எனக்கு ஒண்ணும் தெரியாது! கொஞ்சம் ஓய்வு கெடைக்கட்டும்னுதான் வாய மூடுனேன்! விரதமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!"

பதினேழாம் நம்பர் வைத்திருந்த பெண் தடாலென்று காலில் விழுந்தாள்.

"அம்மனே பேசிட்டா!"

"'ஒண்ணும் தெரியாது'ன்னு சொல்றாங்க பாருங்க," என்றார் பின்னாலிருந்த ஒரு பெரியவர். "எவ்வளவு அடக்கம்!"

கத்தியதில் அருந்ததிக்குத் தொண்டை கட்டிவிட்டது. மறுத்துச் சொல்லக் குரலும் இல்லை. கூட்டமே பேசி முடிவெடுத்தது. எல்கடுவ மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், மௌனச் சாமி இருக்கிறார், பன்னிரண்டு வருடமாக ஒரு வார்த்தை பேசாதவர், டீச்சரம்மா அவரிடம் ஆசி வாங்க வேண்டும்.

வேனில் ஏறும்போது அருந்ததிக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். உண்மையான சாமிக்குப் பொய் தெரியாமலா போகும்? எல்லோர் முன்னாலும் அவர் துரத்திவிட்டால் இந்தத் தொல்லை அன்றோடு தீர்ந்தது.

வழியில் ஆமிக்காரன் வேனை மறித்து, அவளிடம் பெயர் கேட்டான். அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். சிவராசா சிங்களத்தில் விஷயத்தை விளக்கினார். ஆமிக்காரன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் கும்பிட்டு, தன் ஊருக்கு மாற்றம் கிடைக்குமா என்று கேட்டான்.

லயத்துக் கடைசிக் காம்பிரா அறையில் வெள்ளைத் தாடியோடு சாமி உட்கார்ந்திருந்தார். அருந்ததியின் முகத்தையும், கண்ணுக்குக் கீழேயிருந்த கறுப்பையும், டீ ஊற்றிச் சுட்டுக்கொண்ட விரல்களையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு மற்றவர்களை வெளியே போகச் சொல்லிக் கை காட்டினார். கதவு சாத்தப்பட்டதும் அவள் காலில் விழுந்தாள்.

"சாமி, மன்னிச்சிருங்க," என்றாள் கரகரத்த குரலில். "நான் பொய்க்காரி. வீட்டுத் தொல்லை தாங்க முடியாமத்தான்..."

சாமி எழுந்துபோய்க் கதவின் கொண்டியை இழுத்துப் பார்த்தார். திரும்பி வந்து அவள் காதருகே குனிந்தார்.

"மெதுவா பேசு தாயி, வெளிய கேட்டுறப் போவுது. எனக்கு வீட்டுல பதினோரு பேரு. ஒரே ஒரு ஞாயித்துக்கெழம நிம்மதியா இருக்கலாம்னுதான் நானும் வாய மூடுனேன்."