இருபத்திரண்டு நாற்காலிகள்

வளரும் நாடுகளின் வரிசையில் இந்தியா சென்ற பிப்ரவரியில் ஒரு படி மேலே ஏறியது. ஏற்றியவன் நான். தற்பெருமை இல்லை. படிவத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

மும்பை மாட்டுங்காவில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் 'வாழ்க்கைத்தர ஒப்பீட்டு மையம்' இயங்குகிறது. இயக்குநர் வேங்கடசுப்ரமணியன். ஊழியர்கள் நான். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று எங்களிடம் ஒரு பணியை ஒப்படைத்தது. தாராவியில் ஒரு சந்து, வியட்நாமில், ஹனோய் நகரில், ஒரு சந்து, இரண்டையும் அளந்து ஒப்பிட வேண்டும். நூற்றுக்கு நாற்பதுக்குக் கீழே வாங்கும் சந்துக்கு அவர்கள் தண்ணீர்க் குழாய் போட்டுத் தருவார்கள்.

"ஹனோய்க்காரா முடிச்சு அனுப்பிட்டா. முப்பத்தெட்டு" என்றார் இயக்குநர். "நாம அதுக்கும் கீழ போனா வெளில தலை காட்ட முடியுமா?"

"கீழ போனாத்தான் சார் குழாய் வரும்."

"குழாய் என்னிக்கு வேணா வரும் ஓய். மானம் வருமா?"

நாட்டுப்பற்றுடன் புறப்பட்டேன்.

சந்தில், அங்கத்திய பேச்சில் 'கல்லி'யில், இருபத்திரண்டு வீடுகள். முதல் வீடு மதீனா பீவியுடையது. கணவர் முகைதீன் பட்டறையில் தோல் பை தைக்கிறார். பூர்வீகம் மேலப்பாளையம். பத்துக்குப் பத்து அறை, மேலே ஒரு பரண். மருமகள் சாயிமாவுக்கு ஏழாம் மாதம்.

மதீனா பீவி ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். அதன் உடைந்த கை தோல் வாரால் கட்டப்பட்டிருந்தது. உட்கார்ந்தேன். ரோஜாப்பூ போட்ட கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வந்தது. குடித்தேன். 'இருக்கை: உண்டு.' 'கேட்டவுடன் குடிநீர் கிடைக்கிறதா?' கேட்கும் முன்பே கிடைத்தது. முழு மதிப்பெண்.

"குழாய் எப்ப சார் வரும்?" என்றார் மதீனா பீவி. "அடுத்த கல்லியில விடிய அஞ்சு மணிக்கு லைன்ல நின்னு இவதான் கொடம் தூக்குதா. நான் தூக்கலாம்னா முட்டு மடங்க மாட்டேங்கு. புள்ள பொறக்கதுக்குள்ள வந்துட்டா நல்லாருக்கும்."

"அளந்தாத்தான் தெரியும்" என்றேன். அறிவியலில் அவசரம் கூடாது.

இரண்டாவது வீடு சொரிமுத்துவுடையது. நீல நாற்காலி. தோல் வாரால் கட்டிய கை. ரோஜாப்பூ டம்ளர். மூன்றாவது வீட்டிலும் நீலம், தோல் வார், ரோஜாப்பூ. அண்டை வீட்டாரிடையே நிலவும் ரசனை ஒற்றுமையைப் பற்றி ஓர் அடிக்குறிப்பு எழுதினேன்.

ஐந்தாவது வீட்டில் நாற்காலி வரத் தாமதமானது. நின்றுகொண்டிருந்தேன். வெளியே மதீனா பீவியின் குரல்.

"ஏட்டி சாயிமா, சார் அங்க நிக்காருட்டி. வெரசா கொண்டு போ."

வயிற்றுக்கு மேல் நாற்காலியைத் தூக்கிப் பிடித்தபடி, சந்தின் அகலத்துக்கு ஒருக்களித்து, சாயிமா வந்தாள். என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஆராய்ச்சியில் இப்படிச் சிக்கலான கணங்கள் வரும். படிவத்தைத் திறந்து உன்னிப்பாகப் படிக்கத் தொடங்கினேன். நிமிர்ந்தபோது நாற்காலி போடப்பட்டிருந்தது. உட்கார்ந்தேன். இருக்கை இன்னும் சூடாக இருந்தது. என் சூடுதான்.

'இருக்கை: உண்டு.'

பதினோராவது டம்ளருக்குப் பிறகு எனக்கு ஓர் அவசரம். 'கழிப்பறைக்கு எத்தனை நிமிடம்?' என்ற கேள்வியை நேரடியாகக் கள ஆய்வு செய்தேன். நடந்தால் பத்து. ஓடினால் நான்கு. நான்கு என்று எழுதினேன்.

முடிவு: இந்தியா ஐம்பத்திரண்டு, வியட்நாம் முப்பத்தெட்டு.

அவர்களுக்குக் குழாய் கிடைத்தது. எங்கள் மையத்துக்குக் கேடயம். இயக்குநர் கேசரி வழங்கினார்.

"அங்க கணக்கெடுத்தவன் ரெண்டு நாள் தண்ணி லைன்ல குடத்தோட நின்னானாம்" என்றார். "பைத்தியம். அப்படி அளந்தா எந்த நாடு உருப்படும்?"

சந்துக்கும் ஒரு சான்றிதழ் வந்திருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு நானே கொண்டுபோனேன். சாயிமாவுக்கு ஒன்பதாம் மாதம். வாங்கிப் படித்தாள்.

"மாமி, நம்ம கல்லி வியட்நாம ஜெயிச்சிட்டாம்."

"எதுல?"

"நல்லா வாழுததுல."

மதீனா பீவி சட்டத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "அப்ப குழாய்?"

"அது தோத்தவங்களுக்கு மாமி."

தவறு எங்கே நேர்ந்தது என்பதைப் பதிவுசெய்வது என் கடமை. "கல்லி முழுக்க ஒரே நாற்காலிதான்னு நீங்க சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"வீட்டுக்கு வந்த மனுசன நிக்க வைக்கவா சொல்லுதீங்க?" என்றார் மதீனா பீவி. "ஒத்த நாக்காலி, ஒரு டம்ளர். அதச் சுத்த விட்டோம். நாங்க ஒண்ணத்தான சார் சுத்த விட்டோம். நீங்க எப்படி இருவத்திரண்டு எழுதுனீங்க?"

சான்றிதழை வாங்கி உன்னிப்பாகப் படிக்கத் தொடங்கினேன்.

"சரி, உக்காருங்க" என்றார். நாற்காலி வந்தது. ரோஜாப்பூ டம்ளரும் வந்தது. இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சாயிமா நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.

அறிக்கையில் ஒரு சிறு திருத்தம். அந்தச் சந்தில் போன இடமெல்லாம் நாற்காலியும், கேட்கும் முன்பே தண்ணீரும் கிடைக்கப்பெற்றவர் ஒரே ஒருவர். ஐம்பத்திரண்டு மதிப்பெண்ணும் அவருடையது. அவர் மாட்டுங்காவில் வசிக்கிறார்.