ஐம்பத்தைந்து நிமிடமும் பன்னிரண்டு இடது கால் ஷூக்களும்

அன்புள்ள மைத்துனன் வசந்துக்கு,

உன் அக்கா சங்கீதாவைக் கட்டியவன் என்ற முறையில் ஆசிகள் பல. வேலூரில் உன் டிராவல்ஸ் கடையில், ஏசிக்கு நேர் கீழே, நீ நலமாகத்தான் இருப்பாய். நான் நலமாக இல்லை. அதை அறிய உனக்கு ஆவல் இல்லாவிட்டாலும் அறிந்தே ஆக வேண்டும், ஏனென்றால் டிக்கெட் போட்டவன் நீ. இந்த விமான நிலையத்தில் வைஃபை வேண்டுமானால் போனுக்கு ஓடிபி வர வேண்டும். ஓடிபி வர வேண்டுமானால் போன் வேலை செய்ய வேண்டும். போன் வேலை செய்ய நீ போட்டுத் தருவதாகச் சொன்ன ரோமிங்கைப் போட்டிருக்க வேண்டும். ஆகவே கம்பெனி ஆர்டர் ஷீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதுகிறேன். போன் உயிர் பெற்றதும் படம் பிடித்து அனுப்புவேன்.

இத்தாலிக்கு நேராகப் போகிற விமானம் இல்லையா என்று நான் அப்போதே கேட்டேன். நீ சிரித்தாய். “இன்னா மாமா நீங்க, நேரா போறதுக்கு நம்ம பக்கத்துல எத்தினி பேரு இருக்காங்க? அதுக்குத்தான் ஹப்பு. நாலா பக்கத்துலேர்ந்தும் ஃபிளைட்டு ஒரே நேரத்துல வந்து இறங்கும், ஜனங்க மாறி ஏறுவாங்க, ஒரு மணி நேரத்துல எல்லாம் கிளம்பிடும். எல்லாம் ஒரே கூரைக்குள்ள. பொட்டி தானா மாறிடும். அம்பத்தஞ்சு நிமிஷம் தாராளம்!” என்றாய். அந்தத் தாராளத்தை நான் மறக்கவில்லை. அரக்கோணத்தில் ரயில் மாறுவதற்கே உன் அக்கா இரண்டு மணி நேரம் கேட்பாள்.

எங்கள் பக்கம் ஒரு குறையும் இல்லை. எங்கள் கம்பெனியில் சாம்பிள் ஷூக்களை ஜோடியாக வைப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். ஒருமுறை ஜோடியாக அனுப்பியதை எவனோ வழியிலேயே போட்டுக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து இடது கால் ஒரு பெட்டி, வலது கால் ஒரு பெட்டி. ஒற்றைக் கால் ஷூவை எந்தத் திருடனும் தொட மாட்டான் என்பது முதலாளியின் ஏற்பாடு. பன்னிரண்டு ஜோடியையும் ஒரு மாதம் உட்கார்ந்து தைத்த பூவம்மாள், இடதை நீலப் பெட்டியிலும் வலதைச் சிவப்புப் பெட்டியிலும் தன் கையாலேயே அடுக்கினாள். “அண்ணே, இந்த ஆர்டர் வரலேன்னா ரெண்டாவது தையல் லைனை மூடிடுவாங்களாம். நாப்பது பொம்பளைங்கண்ணே. பாத்து எடுத்துட்டுப் போங்க” என்றாள். அவளுக்கு நான் தலையாட்டிய ஆட்டம் இன்னும் என் கழுத்தில் வலிக்கிறது. திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கிளம்பினால் ராகுகாலம் என்று உன் அக்கா முகம் சுளித்தாள். அதற்கும் பரிகாரம் செய்தோம். முந்தின நாளே நல்ல நேரம் பார்த்து, ஒரு பெட்டியைப் பக்கத்து வீட்டு அப்துல் ஹமீத் பாய் வீட்டில் பரஸ்தானமாக வைத்துவிட்டோம். பெட்டி கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பியது போலத்தானே! பாய்க்கும் இது பழக்கம்தான். போன வருடம் திருப்பதிக்கும் அவர் வீட்டிலிருந்துதான் என் பை கிளம்பியது. சாஸ்திரப்படி நாங்கள் சுத்தம். கோளாறு முழுவதும் உன் ஹப்பில்தான்.

என்ன கோளாறு என்று கேட்பாய். விமானம் சொன்ன நேரத்துக்கு இறங்கியது. நடந்த தூரம் ஒன்பது நிமிடம். எங்கே பார்த்தாலும் அம்புக்குறி. மறுபடி இமிகிரேஷன் இல்லை, படி ஏறி இறங்கவில்லை, எல்லாம் ஒரே கூரைதான். என் கேட்டுக்கு எதிரிலேயே கழிவறை. எல்லாம் இவ்வளவு ஒழுங்காக இருந்ததுதான் எனக்குச் சந்தேகம். எதற்கும் பெட்டி மாறிவிட்டதா என்று கேட்போமே என, மாறிச் செல்பவர்களுக்கான மேஜையில் கேட்டேன். அங்கே தூபா என்று ஒரு பெண். ஆம்பூரில் முப்பது வருடம் தோலோடு சேர்த்துக் கற்ற என் உருது அவளுக்குப் புரிந்தது. இரண்டு பெட்டியும் ஏறிவிட்டன, நிம்மதியாகப் போங்கள் என்றாள். இரண்டா! துணிப்பெட்டி, நீலம், சிவப்பு, ஆக மூன்று என்றேன். கம்ப்யூட்டரைப் பார்த்தாள், போனில் கேட்டாள், ஒரு துணிப்பெட்டி, ஒரு நீலம், இரண்டுதான் என்றாள். ரசீதைக் காட்டச் சொன்னாள். போர்டிங் பாஸின் பின்னால் இரண்டு ஒட்டுதான் இருந்தது. மூன்றாவது விழுந்திருக்கும், பசை சரியில்லை என்றேன். சிவப்புப் பெட்டியின் நீளம், அகலம், பூவம்மாள் கட்டிய கயிறு வரைக்கும் சொல்லி நாற்பது நிமிடம் மன்றாடினேன். “சார், முதல்ல ஓடுங்க” என்று அந்தப் பெண்ணே என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். கேட்டை மூடிவிட்டார்கள்.

கொடுமையைக் கேள். நான் ஏறாததால் என் இரண்டு பெட்டிகளையும் தேடி இறக்க வேண்டுமாம், அதற்காக அந்த விமானம் பத்து நிமிடம் நின்றது. பெட்டிக்கு நிற்பார்கள், ஆளுக்கு நிற்க மாட்டார்கள். இதற்குப் பெயர் ஹப்! நாளைக் காலை பத்து மணிக்கு இத்தாலியில் நம் ஷூ வாங்கப்போகும் அந்த வெளிநாட்டுக்காரர் முன்னால் ஒருவர் இரண்டு காலிலும் போட்டு நடந்து காட்டினால்தான் ஆர்டர். என்னிடம் இருப்பது பன்னிரண்டு இடது கால். வசந்த், எனக்கு அழுகை வருகிறது. அந்த நாற்பது பேருக்கு என்ன பதில் சொல்வேன்? பூவம்மாளின் முகத்தில் எப்படி விழிப்பேன்? இனி இந்தக் குடும்பத்தில் யாருக்கும் நீ டிக்கெட் போடக் கூடாது. ஐம்பத்தைந்து நிமிட இடைவெளி வைத்த எவனும் மனிதனே இல்லை.

கோபத்தில் எழுதினாலும் நீயும் உன் பிள்ளைகளும் குறைவில்லாமல் வாழ வேண்டும். வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு, நடுவழியில் நிற்கும் உன் மாமா,
கோதண்டபாணி

பின்குறிப்பு: தூபா தன் போனிலிருந்து எனக்கு நெட் கொடுத்தாள். உன் அக்காவிடமிருந்து பதினொரு செய்திகள் வந்து விழுந்தன. முதல் செய்தி: “நாலு மணிக்கு பக்கத்து வீட்டு பில்கிஸக்கா வந்து கேட்டாங்க, நல்ல நேரத்துல வெச்ச செவப்புப் பொட்டிய அண்ணன் எப்போ எடுத்துட்டுப் போவாருன்னு. ஹமீத் பாய் அத பீரோ மேல வெச்சு யாரையும் தொட விடலியாம்.” கடைசிச் செய்தி: உன் அக்கா போய் விஷயத்தைச் சொல்ல, முதலாளி கெஞ்சிக் கூத்தாடி வியாழக்கிழமை வரை அவகாசம் வாங்கியிருக்கிறாராம். மேலே எழுதியதைப் படித்ததும் அழித்துவிடு. பூவம்மாளிடம் மூச்சு விடாதே. உடனே ஆம்பூர் போய், அந்தப் பெட்டியை நாளை மூன்று மணி விமானத்தில் சரக்காக ஏற்றிவிடு. செவ்வாய் மூன்று மணி ராகுகாலம் என்பது உன் அக்காவுக்குத் தெரிய வேண்டாம், மறுபடியும் யார் வீட்டிலாவது கொண்டுபோய் வைத்துவிடுவாள். இதே ஹப் வழியாகவே அனுப்பு. ஐம்பத்தைந்து நிமிடம் தாராளம்.